மேடைக் கவர்கள்

பல்கலைக்கழகம் போட்ட விழா மலரில் என்னைப் பற்றி நான்கு வரி வந்திருக்கிறது. "நம் நினைவுகளின் காவலர்" என்று தலைப்பு. செய்தி மற்றும் மக்கள் தொடர்பு அலுவலகத்தின் ஆவண அறையில் நீண்ட காலம் பணியாற்றிய திரு. ஏழுமலை ஒவ்வொரு செய்தி நறுக்கையும் தன் குழந்தையைப் போலப் பாதுகாத்தார் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குக் குழந்தை கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. குழந்தையை எப்படிப் பாதுகாப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

மீடியா செல்லில் வேலை பார்க்கும் நிவேதா என்ற பெண்தான் சதுரங்கப்பட்டினத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குப் போன் செய்தாள். "அங்கிள், பழைய ரெக்கார்டு எல்லாம் ஸ்கேன் பண்ணி முடிச்சாச்சு. ரூமை காலி பண்ணப் போறோம். உங்க எக்ஸ்பீரியன்ஸ ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அது நான்கு வரியாகி வந்திருக்கிறது. வெட்டியதற்காக அவள்மேல் வருத்தமில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவரை நானும் அந்த வேலையைத்தான் செய்தேன். நல்லதை ஒட்டுவோம், மற்றதை ஒட்ட மாட்டோம். அவர்கள் ஒட்டாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு தாண்டவில்லை. மதுராந்தகம் பக்கத்து ஊர். வீட்டில் யாரும் அடித்து விரட்டவில்லை. ஓர் இடத்தில் தங்காத உடம்பு, அவ்வளவுதான். லாரி கிளீனராக நெல்லூர்வரை போயிருக்கிறேன். கேளம்பாக்கம் உப்பளத்தில் உப்பு வாரியிருக்கிறேன். மாமல்லபுரத்தில் சிலைப் பட்டறையில் கல்லுக்கு எமரித்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன். உப்பு காலைத் தின்றது, கல்தூசி நெஞ்சைத் தின்றது. கடைசியில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஸ்டூடியோவில் படம் கழுவப் போனேன். இருட்டறையில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதால் அங்கே கொஞ்சம் அதிகமாகத் தங்கிவிட்டேன். டிஜிட்டல் கேமரா வந்ததும் முதலாளி கடையை மூடிவிட்டு, "கடற்கரைப் பக்கம் ஒரு யுனிவர்சிட்டியில நெகட்டிவ் கையாளத் தெரிஞ்ச ஆளு கேக்கறாங்க, போறியா?" என்றார். போனேன்.

ஆவண அறை நிர்வாகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று. அது பீரோவின் கீலைத் துருப்பிடிக்க வைக்கும், நெகட்டிவில் பூஞ்சை ஏற்றும். ஜன்னலை மூடினால் நாங்கள் வேகுவோம். நான் மூடியே வைத்திருந்தேன். நெகட்டிவ்களை வெண்ணெய்த்தாள் உறையில் போட்டு அந்துருண்டையோடு வைப்பேன். நறுக்குகளை ஒட்ட நானே மைதாவில் பசை காய்ச்சுவேன். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் போட வேண்டும். கையில் புண் இருந்தால் எரியும். எனக்கு எப்போதும் ஏதாவது புண் இருந்தது.

தினமும் காலையில் எல்லாப் பத்திரிகையும் வரும். எங்கள் பெயர் வந்த இடத்தை வெட்டி, பத்திரிகையின் பெயரையும் பக்கத்தையும் எழுதி, ஸ்கேல் வைத்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளப்பேன். மாதக் கடைசியில் அந்த சென்டிமீட்டர்களைக் கூட்டி வேந்தர் மேஜைக்கு அனுப்புவோம். கெட்ட செய்தி வந்தால் அதை அளப்பதில்லை. தனி உறையில் போட்டு மேலே அனுப்பிவிட வேண்டும். அது திரும்பி வராது. அதனால் எங்கள் ஆல்பங்களைப் புரட்டினால் அந்த வளாகத்தில் ஒரு மாணவன்கூட மாடியிலிருந்து குதித்ததில்லை, ஒரு தொழிலாளிகூடச் செத்ததில்லை.

என் மேலதிகாரி மக்கள் தொடர்பு அலுவலர் தயாளன். பத்திரிகையில் இருந்து வந்தவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது கோபமாக வந்தால் எழுந்து நிற்பார், "உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்பார். தண்ணீர் குடித்து முடித்தவனுக்குப் பாதிக் கோபம் போயிருக்கும். மீதிக் கோபத்துக்குக் காபி சொல்வார். என்னையும் ஒருநாளும் ஒருமையில் அழைத்தவரில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் என்னை உட்காரச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அதனால்தான் அவரைப் புரிந்துகொள்ள எனக்கு அத்தனை நாளாயிற்று.

அவர் வேலை முறை இது. விழா நாளை என்றால் செய்தி இன்றைக்கே தயார். "நடைபெற்றது", "வழங்கினார்", "பாராட்டினார்" என்று எல்லாம் நடந்து முடிந்த மாதிரி எழுதி, அச்செடுத்து, அடுக்கி வைத்துவிடுவார். விழா முடிந்து நிருபர்கள் டிபன் சாப்பிடும்போது கையில் கொடுத்துவிட வேண்டும். வந்த புதிதில் ஒருநாள், "சார், நாளைக்கு மழை வந்து விழா நின்னு போச்சுன்னா?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ஏழுமலை, நடந்ததை எழுதறது பத்திரிகைக்காரன் வேலை. எழுதினதை நடத்திக் காட்டறது நம்ம வேலை."

அச்சடித்த அந்தச் செய்தியின் ஒரு பிரதி எனக்கு வரும். ஆவணத்தில் சேர்ப்பேன். விழாவில் என்ன நடந்ததோ, கோப்பில் இருப்பது முதல்நாள் எழுதியதுதான். யாரும் அதைத் திருத்தியதில்லை.

இன்னொன்று, மேடைக் கவர். ஓரத்தில் தங்க நிறக் கோடு போட்ட, முத்திரை பதித்த பெரிய கவர்கள். மேடையில் வேந்தர் உதவித்தொகை கொடுப்பார், பரிசு கொடுப்பார், ஆணை கொடுப்பார். எல்லாம் இந்தக் கவரில்தான். உள்ளே ஒன்றும் இருக்காது. உண்மையான காசோலையோ கடிதமோ பிறகு அலுவலகம் வழியாகப் போகும். மேடையில் தவறிப்போனால் யார் பொறுப்பு? எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான் என்றார்கள். வெறும் கவர் படத்தில் தொய்ந்து விழும். அதனால் பழைய காலண்டர் அட்டைகளை அளவாக வெட்டி உள்ளே வைத்து ஒட்டுவேன். அட்டையோடு இருந்தால் பிடிப்பவர் கையில் கம்பீரமாக நிற்கும். படம் எடுத்து முடிந்து அவர்கள் மேடைப் படியில் இறங்கும்போது கீழே நான் நிற்பேன். "கவரை இங்க குடுத்துட்டுப் போங்க, ஒரிஜினல் அப்புறம் வரும்" என்று வாங்கிக்கொள்வேன். அடுத்த விழாவுக்கு அதே கவர்.

பெரும்பாலும் ஒரிஜினல் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நூலகக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து ஆறுமுகம் என்ற கொத்தனார் விழுந்து இறந்தார். வளாகத்துக்குப் பின்னால் உள்ள காலனிக்காரர். வளாகம் வருவதற்கு முன் காலனிக்காரர்களின் பெற்றோர் அந்த நிலத்திலேயே கூலிக்கு நாற்று நட்டவர்கள். காலனி ஆட்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கேமராக்கள் வந்தன. தயாளன் சார் வெயிலில் தானே தண்ணீர்க் குடத்தோடு போய் எல்லோருக்கும் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பேசி முடித்துவிட்டார்: ஆறுமுகத்தின் மனைவி அமுலுவுக்குப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை. நிறுவனர் நாள் விழாவில் வேந்தரே ஆணை கொடுப்பார். ஆட்கள் எழுந்து போனார்கள்.

விழாவுக்கு முதல்நாள் செய்தி தயாரானது. "மறைந்த தொழிலாளியின் மனைவிக்குப் பணி நியமன ஆணையை வேந்தர் வழங்கினார். அமுலு கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்." நான் கவரில் அட்டை வைத்து ஒட்டினேன்.

அமுலு அழவில்லை. யாரோ கட்டிவிட்ட மாதிரி ஒரு பட்டுப் புடவையில், கவரை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"இன்னாத்துக்கு?" என்றாள்.

"ஒரிஜினல் அப்புறம் வரும்மா. இது மேடைக்கு மட்டும்தான்."

பின்னால் அடுத்த ஆள் இறங்கிக்கொண்டிருந்தார். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நிறைய சென்டிமீட்டர்.

ஆணை வரவில்லை. ஆறுமுகம் ஒப்பந்தக்காரரின் ஆள், மனைவிக்கு நாம் ஆணை கொடுத்தால் அவர் நம் ஆள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பதிவாளர் அலுவலகத்தில் யாரோ எழுதினார்கள். கோப்பு அதோடு நின்றது. அமுலு வாசலுக்கு வருவாள். காவலாளி என்னைத்தான் கூப்பிடுவான், அவளுக்கு அங்கே தெரிந்த முகம் நான் ஒருவன்தானே.

"ஆர்டரு வந்துச்சா அண்ணாத்த?"

"இன்னும் இல்லம்மா."

"நீ கேட்டியா, கேக்கலயா?"

"கேட்டேன்."

"இன்னா சொன்னாங்கோ?"

"பாக்கறோம்னாங்க."

"பாத்துகினே இருந்தா எப்டி? வூட்ல ரெண்டு பசங்க கீது. அதுங்க வயித்த யாரு பாக்கறது?"

தயாளன் சாரிடம் போய்ச் சொன்னேன். உட்காரச் சொன்னார். தண்ணீர் வந்தது. "ஏழுமலை, நான் செய்தி எழுதினேன். ஆணை எழுதறது என் வேலை இல்லை" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அவர் வருத்தம் பொய்யென்று நான் நினைக்கவில்லை. வருத்தப்பட்டுக்கொண்டே ஒன்றும் செய்யாமல் இருக்க அவரால் முடிந்தது.

காலனியில் யாரோ எழுதிக் கொடுத்து அமுலு செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் மனுப் போட்டாள். அங்கிருந்து பல்கலைக்கழகத்திடம் விளக்கம் கேட்டார்கள். தயாளன் சார் என்னிடம் மூன்று நகல் கேட்டார்: அந்தச் செய்தி, பத்திரிகை நறுக்கு, மேடைப் படம். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் "உண்மை நகல்" என்ற முத்திரையை அவரே குத்திக் கையெழுத்துப் போட்டார்.

"சார், அந்தம்மாவுக்கு வேலை குடுக்கலையே" என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். "பேப்பர்ல வந்தது இதுதானே? இது அதோட நகல்தானே? நாம அதுக்குத்தான் கையெழுத்துப் போடறோம்."

உறையைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நான் போன அன்றைக்குத்தான் அமுலுவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மூன்று தாளையும் புரட்டினார். படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யாரும்மா?"

"நானுதாங்க."

"கைல என்னா?"

"ஆர்டருங்க."

"வாங்கிட்டு வாங்கலன்னு மனு குடுக்கறியே. எங்களுக்கு வேற வேலை இல்லியா?"

அங்கே வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். கொண்டுவந்த ஆள் நான், சாட்சி சொல்ல யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் சொன்னேன். "சார், அந்தக் கவர்ல ஆர்டர் இல்ல. அட்டையை வச்சு ஒட்டினது நான்தான். படி இறங்கினதும் திருப்பி வாங்கினதும் நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரு?"

"ரெக்கார்டு ரூம் அட்டெண்டர் சார்."

"திருப்பி வாங்கினதுக்கு ரசீது கீதா?"

"அதுக்கெல்லாம் ரசீது போடறதில்ல சார்."

"உங்க பி.ஆர்.ஓ. கையெழுத்துப் போட்டு அனுப்பிகீறாரு. அட்டெண்டரு வாயால இல்லன்ற. நான் எத்த ஃபைல்ல வெக்கறது?" என்று சொல்லி, தாள்களைக் கோப்பில் கோத்தார். மனு முடிந்தது.

வெளியே புளிய மரத்தடியில் அமுலு என்னை நிறுத்தினாள். எனக்கு ஆதரவாக ஏதாவது சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

"உள்ள கெட்டியா இருந்துச்சே" என்றாள்.

"அது காலண்டர் அட்டைம்மா."

"நான் தடவிப் பாத்தேன் அண்ணாத்த. மேடையிலயே தடவிப் பாத்தேன். நாலா மடிச்ச பேப்பரு மாரி இருந்துச்சு."

"அட்டைதான். என் கையால வெட்டினது."

"நீதான வாங்கிக்கினு போன? உள்ள இருந்தத நீ எத்த வோணா சொல்லலாம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவுங்க ஆளு நீ. அவுங்க பேப்பர எத்துகினு வந்தவன். உன்ன நான் நம்பணுமா?"

திருப்போரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினோம். அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். ஊர் வரும்வரை அவள் திரும்பவில்லை.

நான் அங்கே பேசியது எனக்கு முன்பே தயாளன் சாருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை போய்விடும் என்று பையைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன். பை கட்டுவது எனக்குப் புதிதில்லை. அவர் உட்காரச் சொன்னார். "உங்களை அனுப்பினா அதுவே ஒரு செய்தி ஆயிடும் ஏழுமலை. போய் வேலையைப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து வெளிவேலைக்கு என்னை அனுப்பவில்லை. எங்கும் தங்காத நான் அந்த மூடிய ஜன்னல் அறையில்தான் கிழவனானேன். ஏன் போகவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். போக இடம் இல்லை என்பதில்லை. ஓடிப்போனால் அவள் நினைத்தது சரி என்று ஆகிவிடும் என்று ஒரு வீம்பு.

சில வருடம் கழித்து அமுலு வளாகத்துக்குள் வந்தாள். துப்புரவு வேலையை ஒரு ஏஜென்சிக்கு விட்டிருந்தார்கள். அந்த ஏஜென்சி ஆளாக, நீலக் கோட்டும் துடைப்பமுமாக. ஆணை கிடையாது, நிரந்தரம் கிடையாது, ஏஜென்சி மாறினால் அவளும் மாற வேண்டும். தயாளன் சார் அவளைத் தாழ்வாரத்தில் பார்த்துவிட்டு வந்து, "பாத்தீங்களா ஏழுமலை, எழுதினது நடந்துடுச்சு" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிம்மதியாகச் சொன்னார். கொஞ்ச நாளில் ஓய்வு பெற்று நாவலூரில் பிள்ளை வாங்கிய ஃபிளாட்டுக்குப் போய்விட்டார்.

அமுலு என் அறையைத் தினமும் கூட்டினாள். என்னிடம் பேசவில்லை. காலை எடு என்றுகூடச் சொல்ல மாட்டாள், துடைப்பத்தால் நாற்காலியைத் தட்டுவாள். எடுப்பேன். வருடக்கணக்கில் அப்படி.

பிறகு ஸ்கேன் செய்யும் இயந்திரம் வந்தது. நான் ஓய்வு பெறுகிற மாதத்தில் நிவேதா திரையைக் காட்டினாள். "எந்தப் பேரை வேணா அடிங்க அங்கிள், வந்துடும்." அமுலு என்று அடிக்கச் சொன்னேன். மேடைப் படம் வந்தது. கீழே, பணி நியமன ஆணை பெறுகிறார் என்று. "ஓ, நம்ம ஹவுஸ்கீப்பிங் அக்காவா? சூப்பர்ல? யுனிவர்சிட்டி எவ்ளோ பண்ணியிருக்கு!" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வாடியது. "ஆனா ரெக்கார்டுல இப்படித்தானே இருக்கு அங்கிள்?" என்றாள். அவளுக்கு வேறு எப்படித் தெரியும்?

எனக்கு வழியனுப்பு விழா அதே அரங்கத்தில் நடந்தது. நான்கைந்து பேர் ஓய்வு பெற்றோம். என்னைப் பற்றிய செய்தி காலையிலேயே மேஜையில் இருந்தது. "கண்கலங்க நன்றி கூறினார்" என்று போட்டிருந்தது. மதியம் மேடையில் சால்வை போட்டார்கள், கவர் கொடுத்தார்கள். என் கை அதன் கனத்தைச் சட்டென்று கண்டுகொண்டது. கண் கலங்கவில்லை.

படிக்குக் கீழே நிவேதா நின்றிருந்தாள். "அங்கிள், கவர் குடுத்துடுங்க. ஒரிஜினல் அக்கவுண்ட்ஸ்ல இருந்து வரும்."

"இத நானே வச்சுக்கறேம்மா."

"அங்கிள், கவர் குறைஞ்சா என்னைக் கேப்பாங்க!"

"எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லு. அந்த ரூம் எலியை எல்லாருக்கும் தெரியும்."

எல்லோரும் டிபனுக்குப் போனார்கள். நான் முன்வரிசை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அமுலு மேடைமேல் உதிர்ந்த மாலைப் பூவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்துக்கு வந்தவள் என் கையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணாத்த, உனுக்கும் குடுத்தாங்களா?"

செங்கல்பட்டுப் புளிய மரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

கவரை மேடையை நோக்கி நீட்டினேன். நீலக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கட்டைவிரலால் நடுவில் தடவினாள். அன்றைக்கும் அப்படித்தான் தடவியிருப்பாள்.

"கெட்டியாத்தான் கீது."

"பிரி."

"நானா?"

"நீதான் பிரிக்கணும்."

ஓரத்தைக் கிழித்தாள். பழுப்பு நிற அட்டை. வெளியே இழுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். உள்ளே கை விட்டும் துழாவினாள்.

"இத்தினி நாளு," என்றாள், "நீ இன்னாத்தையோ எத்துகினு போனன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"தெரியும்."

"எம்பேரு டைப் அடிச்ச பேப்பரு உள்ள இருந்துச்சுன்னு. கனாவுல கூட வரும். நான் பிரிச்சிருந்தா, குடுக்கமாட்டேன்னு ஓடியிருந்தா, இன்னிக்கு நாற்காலில உக்காந்துகினு இருப்பேன்னு." அட்டையை விரலால் சுண்டினாள். "இதுக்காடா அன்னிக்கு எதுர்வூட்டுக்காரிகிட்ட பட்டுப் பொடவ எரவல் வாங்கிக் கட்டிக்கினு வந்தேன்?"

யாரைப் பார்த்து அந்த 'டா' என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாலும் பரவாயில்லை.

அவள் கவரை என் பக்கம் தூக்கிப் போட்டாள். அட்டையைப் போடவில்லை. அதை நடுவில் மடித்து, குனிந்து, கூட்டி வைத்திருந்த பூவையெல்லாம் அதால் அள்ளிக் கோணியில் போட்டாள். நன்றாகத்தான் அள்ளியது.